ஆர்டர் திரும்பும், பழைய வேகம் திரும்பாது: கொங்குத் தொழில் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத் தொழில் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் உற்பத்தித் திட்டப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். படித்தது பொருளாதாரம். முதலாளிகள் நாலு பேர் கூடும் இடமெல்லாம் ஒரே கேள்விதான் காதில் விழுகிறது: "மார்க்கெட் எப்பங்க பழையபடி திரும்பும்?" 2023ல் ஐரோப்பியக் கடைகளில் சரக்கு தேங்கியபோது அதைக் கேட்டோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இன்னும் கவலையாகக் கேட்டோம். வரி ஏறும், இறங்கும், அதை அரசாங்கங்கள் பேசிக்கொள்ளட்டும். அதற்கும் அடியில் நீண்ட காலமாக நடந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல். நம் சரக்கை வாங்கும் நாடுகளின் வளர்ச்சி அரை நூற்றாண்டாக மெதுவாகி வருகிறது. ஒரு சீசன் மந்தம் போல அது விலகிவிடும் என்று நம்பி இனி நாம் ஷெட் கட்டக் கூடாது, கடன் வாங்கக் கூடாது.

வளர்ச்சி என்பதே மனித வரலாற்றில் புதுசு. 1800க்கு முன்னால் தாத்தாவின் வாழ்க்கைத் தரத்துக்கும் பேரனின் வாழ்க்கைத் தரத்துக்கும் பெரிய வித்தியாசம் எந்த நாட்டிலும் இருந்ததில்லை. நீராவி இன்ஜினும் நூற்பு மெஷினும் வந்த பிரிட்டனில்கூட, முதல் அறுபது எழுபது வருடங்களுக்குத் தலைக்கு வருமானம் ஆண்டுக்கு ஒரு சதவீதம் அளவுக்குக்கூட ஏறவில்லை. 1870க்குப் பிறகுதான் ஆட்டம் மாறியது. அமெரிக்காவில் தலைக்கு வருமானம் ஆண்டுக்கு சுமார் 2 சதவீதம் என்று ஒன்றரை நூற்றாண்டு ஏறிக்கொண்டே வந்தது. கேட்க அற்பமாக இருக்கும். எழுபதை வளர்ச்சி விகிதத்தால் வகுத்துப் பாருங்கள், இரட்டிப்பாக எத்தனை வருடம் என்று தெரிந்துவிடும். 2 சதவீதம் என்றால் 35 வருடம், ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை இரட்டிப்பு. 1 சதவீதம் என்றால் 70 வருடம். இந்த ஒரு புள்ளி வித்தியாசத்தில்தான் மகனும் பேரனும் எப்படிப்பட்ட ஊரில் வாழ்வார்கள் என்பது இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது உண்மையிலேயே பொற்காலம். ஜப்பான் 1950களின் நடுவிலிருந்து 1973 வரை ஆண்டுக்கு 9 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்தது. மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் போரின் இடிபாடுகளிலிருந்து எழுந்து அமெரிக்கத் தொழில்நுட்பத்தை எட்டிப் பிடித்தன. அமெரிக்காவிலேயே ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் விளைவிப்பது, அதாவது உற்பத்தித் திறன், 1947 முதல் 1973 வரை ஆண்டுக்கு சுமார் 2.8 சதவீதம் கூடியது.

பிறகு 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் எண்ணெய் விலை நான்கு மடங்கானது. வளர்ச்சி விழுந்தது. எல்லோரும் எண்ணெயைத்தான் குற்றம் சொன்னார்கள், விலை இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். 1986ல் எண்ணெய் விலை தரையைத் தொட்டது. வேகம் மட்டும் திரும்பவில்லை. அமெரிக்காவில் அந்த 2.8 சதவீதம் ஏறத்தாழ ஒன்றரை சதவீதமாகச் சுருங்கியிருந்தது. 1990களின் நடுவில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வந்து சுமார் பத்து வருடம் தூக்கிவிட்டன. அப்புறம் மறுபடியும் அதே ஒன்றரை. பிரிட்டனின் நிலை இன்னும் மோசம். 2008 நெருக்கடிக்கு முன் ஆண்டுக்கு 2 சதவீதத்தை ஒட்டிக் கூடிய உற்பத்தித் திறன், அதற்குப் பிறகு அரை சதவீதத்தை ஒட்டித்தான் கூடுகிறது. இன்று நம்மூர்க் கூட்டங்களில் வரியை மட்டும் குற்றம் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1973ன் நினைவுதான் வருகிறது.

இது எங்கோ நடக்கும் கதை என்று தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் பதினைந்து வருடத்துக்கும் மேலாகச் சம்பளத்தின் உண்மை மதிப்பு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. சம்பளம் ஏறாத குடும்பத்திடம் கடைக்காரர் விலையை ஏற்ற முடியாது. ஏற்ற முடியாத அந்த விலைதான் பையரின் மின்னஞ்சலாக, ஆர்டரைக் கவனிக்கும் நம் மெர்ச்சண்டைசருக்கு வருகிறது: போன வருட விலைக்கே கொடுங்கள், முடிந்தால் ஐந்து சென்ட் குறையுங்கள். நூல் விலையும் சம்பளமும் கரன்ட் பில்லும் இங்கே ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த ஐந்து சென்ட் யாரிடமிருந்து போகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் மெதுவானது? பொருளாதார அறிஞர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. ராபர்ட் கார்டன் என்ற அமெரிக்கர் சொல்வது எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. 1870 முதல் 1970 வரையிலான நூறு வருடங்களில் மின்சாரம், உள்ளெரி இன்ஜின், குழாய்த் தண்ணீர், சாக்கடை, ஆன்டிபயாடிக் எல்லாம் வந்துவிட்டன. ஒரு வீட்டுக்கு முதல் முறையாகக் குழாயில் தண்ணீர் வருவது ஒரே ஒரு தடவைதான் நடக்கும். அதே அளவு மாற்றத்தை ஒரு செல்போன் கொண்டுவர வேண்டும் என்றால் அது நடக்கிற காரியமா?

புதிய யோசனை கிடைப்பதும் கடினமாகிவிட்டது. நம்மூர் போர்வெல் மாதிரிதான். ஐம்பது அடியில் தண்ணீர் கிடைத்த தோட்டத்தில் இன்று திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி ஆயிரம் அடி இறக்கினாலும் புகைதான் வருகிறது. கம்ப்யூட்டர் சிப் தொழிலில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்: சிப்பின் திறன் முன்பு போலவே இரட்டிப்பாகிக்கொண்டிருக்க, 1970களின் தொடக்கத்தைவிடப் பதினெட்டு மடங்கு ஆராய்ச்சியாளர்கள் தேவைப்படுகிறார்கள். அத்தோடு மக்களுக்கு வயதாகிறது. ஜப்பானில் 15 முதல் 64 வயது வரையிலானவர்களின் எண்ணிக்கை 1995லேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. பணக்கார நாட்டு மக்கள் பொருளைவிட மருத்துவம், கல்வி, ஹோட்டல், பயணம் என்று சேவைகளுக்கே அதிகம் செலவிடுகிறார்கள். நர்ஸின் வேலையையும் ஆசிரியரின் வேலையையும் தறியைப் போல வேகப்படுத்த முடியாது என்று பொருளாதார அறிஞர் வில்லியம் பௌமோல் 1960களிலேயே சொல்லிவிட்டார்.

இந்தச் சேவை விஷயத்தில் நம் தொழிலுக்கான எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. 1950 வாக்கில் ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் செலவில் துணிமணிக்குப் போன பங்கு பத்து சதவீதத்தை ஒட்டி இருந்தது. இன்று அது மூன்று சதவீதத்தை ஒட்டி. மெதுவாக வளரும் வருமானம், அதிலும் சுருங்கிவிட்ட பங்கு. இந்தப் பங்குக்குத்தான் வங்கதேசமும் வியட்நாமும் நாமும் அடித்துக்கொள்கிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மெதுவாக வளர்கிறது என்றால் வீழ்ந்துவிட்டது என்று பொருளில்லை. ஜப்பானை 'இழந்த முப்பதாண்டு' என்று பேசுகிறோம். வேலை செய்யும் வயதில் உள்ள ஒருவருக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால், 1990களின் கடைசியிலிருந்து ஜப்பான் அமெரிக்காவுக்கு இணையாகவே முன்னேறியிருக்கிறது. ஆள் குறைந்த நாடு, இருக்கும் ஆளின் நேரத்தை மதிப்புள்ளதாக்கித் தாக்குப்பிடித்தது. உங்களிடம் நான் கேட்க வந்ததும் அதைத்தான்.

நாம் எப்படி வளர்ந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். ஆர்டர் வந்தால் மெஷின் வாங்குவோம், மெஷின் வந்தால் ஆள் சேர்ப்போம், ஆள் போதாவிட்டால் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுவோம். உழைப்புக்கு அஞ்சாத மண் இது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ராபர்ட் சோலோ என்ற அறிஞர் 1957லேயே ஒரு கணக்குப் போட்டார். 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பின் விளைச்சல் இரட்டிப்பானது. அந்த உயர்வில் கூடுதல் மெஷினுக்கும் கட்டடத்துக்கும் உரிய பங்கு எட்டில் ஒன்றுதான். மீதி ஏழு பங்கும் வேலையைச் செய்யும் முறையும் அறிவும் மேம்பட்டதால் வந்தது. மெஷினை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு புது மெஷினும் முந்தினதைவிடக் குறைவாகத்தான் சம்பாதிக்கும். 2023 ஜூனில் மிலான் ஐ.டி.எம்.ஏ. ஜவுளி மெஷின் கண்காட்சிக்குப் போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அங்கே நாம் பார்த்த அதே மெஷினை அதே விலைக்கு டாக்காக்காரரும் புக் செய்யலாம்.

2025ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மூவரில் ஜோயல் மோகிர் ஒரு வரலாற்று அறிஞர். தொழிற்புரட்சி ஏன் பாதியில் அணைந்துபோகாமல் தொடர்ந்தது என்பதுதான் அவர் ஆராய்ந்தது. 'எப்படிச் செய்வது' என்று தெரிந்த கைவினைஞரும் 'ஏன் அப்படி நடக்கிறது' என்று தெரிந்த படிப்பாளியும் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கியதால்தான் என்கிறார். அதைப் படித்தபோது எனக்குக் கோவையின் பட்டறைப் பகுதிகளான கணபதியும் பீளமேடும்தான் கண்ணில் நின்றன. தண்ணீரைத் தள்ளும் பம்ப் இறக்கைச் சக்கரத்தை (இம்பெல்லரை) சாம்பிளாகக் கொடுத்தால் அச்சு எடுத்து, வார்த்து, லேத்தில் கடைந்து அதே போல ஒன்றைக் கொடுக்கும் கை கோவைப் பட்டறைகளில் இருக்கிறது. அந்த இறக்கையின் வளைவு ஏன் அத்தனை டிகிரி, அதை இரண்டு டிகிரி மாற்றினால் தண்ணீர் எவ்வளவு கூடும், கரன்ட் எவ்வளவு குறையும் என்று கேட்டால் சொல்ல ஆள் குறைவு. 'எப்படி' என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தவரால் இன்றைய பம்பைச் செய்ய முடியும். 'ஏன்' என்பதற்குப் பதில் தெரிந்தால்தான் நாளைய பம்பைச் செய்ய முடியும்.

இந்த இரண்டு அறிவும் ஒரே ஊரில் கூடியிருந்த காலம் நமக்கு இருந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது, மில்கள் பெருகின. 1937ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின் மோட்டாரை இங்கே செய்தார்கள். 1951ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1956ல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா. அன்றைய மில் முதலாளிகளுக்கு ஆராய்ச்சி வீண் செலவாகத் தெரியவில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது திருப்பூர் முடிந்தது என்றார்கள். நொய்யல் ஆற்றுக்கு நாம் செய்த கொடுமைக்குக் கிடைத்த தண்டனை அது. அதற்குப் பிறகு சவ்வு வடிகட்டி, ஆவியாக்கி, உப்பு மீட்பு என்று கற்றுக்கொண்டு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சாயம் போடும் முறையை இங்கே ஓட்டிக் காட்டினோம். கட்டாயம் வந்தபோது நாம் கற்றோம். கட்டாயம் வரும் முன்பே கற்க வேண்டிய நேரம் இது.

இனி என் வேலையிடத்துக்கு வருகிறேன்.

ஒரு சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட். தோள் மூட்டி, கழுத்துக்கு ரிப் (இழுபடும் பட்டித் துணி) வைத்து, கை ஏற்றி, பக்கம் அடித்து, அடி மடித்தால் தையல் நேரம் ஏழெட்டு நிமிடம். அதே டி-ஷர்ட் கட்டிங் டேபிளை விட்டு இறங்கிப் பேக்கிங்குக்குப் போய்ச் சேர நாட்கணக்கில் ஆகிறது. நடுவில் என்ன நடக்கிறது? ஓரம் மூட்டும் ஓவர்லாக் மெஷினில் முடிந்த துணிக் கட்டு, மடித்துத் தைக்கும் பேட்லாக் மெஷினுக்குப் பக்கத்தில் கூடையில் கிடக்கிறது. நூல் ஷேடு மாறி வந்ததால் பேட்லாக் டெய்லர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கைமடி போடும் அக்கா எழுந்து போய்க் கட்டிங் செக்‌ஷனில் எம் சைஸ் ரிப் துண்டைத் தேடுகிறார். சாயங்காலம் முதலாளி வந்து கேட்பது "இன்னிக்கு எத்தனை பீஸ்?" என்ற ஒன்றைத்தான். குறைவு என்றால் அரை ஷிப்ட் கூடும்.

நாங்கள் ஒரு லைனில் மட்டும் கரும்பலகை மாட்டினோம். மெஷின் நின்றால் எத்தனை நிமிடம், எதனால் என்று டெய்லரே எழுத வேண்டும், தமிழிலோ இந்தியிலோ. யாருடைய பெயரும் வேண்டாம். பலகை நிறைய நிறைய ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. டெய்லரின் கை வேகத்தால் போன நேரம் சொற்பம். நூல், லேபிள், ரிப் நேரத்துக்கு வராததால் போனதே பெரும்பங்கு. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு டெய்லர்தான் சொன்னார், முந்தின நாள் மாலையே ரிப்பை சைஸ் வாரியாக எண்ணிக் கட்டி வைத்தால் போதும் என்று. செய்தோம். அந்த லைன் அரை ஷிப்ட் இல்லாமலே கணக்கை முடிக்கத் தொடங்கியது. பல வருடங்களாக அந்த நாற்காலியில் இருந்த அவரிடம் அதற்கு முன் யாரும் எதையும் கேட்டதில்லை.

இது எங்கள் ஒரு லைனின் கதை மட்டும் இல்லை. மும்பைக்கு அருகிலுள்ள நெசவாலைகளில் நிக்கோலஸ் புளூம் என்ற பொருளாதார ஆய்வாளரின் குழுவினர் செய்த சோதனை 2013ல் வெளியானது. சரக்கு இருப்பைப் பதிவது, மெஷின் நின்ற காரணத்தை எழுதுவது, தரக் குறைவைத் தினமும் அலசுவது போன்ற எளிய பழக்கங்களைப் புகுத்தியதில் முதல் வருடத்திலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது. இவ்வளவு லாபம் தரும் பழக்கத்தை ஏன் யாரும் தாங்களாகவே செய்யவில்லை? அந்த ஆய்வு கண்ட இன்னொரு உண்மையும் நம்மைத் தொடுகிறது. ஒரு கம்பெனி எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதைத் தீர்மானித்தது நிர்வாகத் திறன் இல்லை. குடும்பத்தில் எத்தனை ஆண்பிள்ளைகள் இருந்தார்கள் என்பதுதான்! வெளியாளிடம் முடிவை விட முதலாளிகளுக்கு மனம் வரவில்லை.

இத்தாலியைப் பார்த்தால் இதே கதை ஒரு நாட்டின் அளவில் நடந்திருக்கிறது. பிராட்டோ, பியெல்லா போன்ற ஜவுளி ஊர்கள் நம்மைப் போன்றவையே: சின்னச் சின்னக் குடும்பக் கம்பெனிகள், ஒருவருக்கொருவர் ஜாப் ஒர்க், சொந்தபந்தம், வாய்ச்சொல் நம்பிக்கை. 1980கள் வரை உலகமே அவர்களை வியந்தது. 1990களின் நடுவிலிருந்து இத்தாலியின் உற்பத்தித் திறன் நின்றுவிட்டது. 2019ல் ஓர் இத்தாலியரின் உண்மை வருமானம் ஏறத்தாழ 2000ல் இருந்த அளவுதான். பெல்லெக்ரீனோ, ஜிங்காலெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2017ல் காரணம் சொன்னார்கள்: கம்ப்யூட்டர் யுகத்தின் பலன், திறமை பார்த்து மேலாளரை வைத்த நாடுகளுக்குக் கிடைத்தது, விசுவாசமும் உறவும் பார்த்து வைத்த இத்தாலிக்குக் கிடைக்கவில்லை. உங்கள் மகனும் மருமகனும் திறமைசாலிகளாகவே இருக்கட்டும். அவர்களால் எல்லா லைனிலும் நிற்க முடியாது. லைன் இன்சார்ஜுக்கும் இன்ஜினியருக்கும் நூல் மாற்றுவதற்குக்கூட முதலாளிக்குப் போன் போட வேண்டிய நிலை இருக்கும் வரை எத்தனை சாப்ட்வேர் வாங்கினாலும் அது பில் போடுவதற்கு மட்டுமே உதவும்.

"ஆள் கிடைத்தால் போதும், மீதியை நாங்க பார்த்துக்கிறோம்" என்பீர்கள். ஆள் எங்கிருந்து வருவார்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்கான குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.8, ஒடிசாவிலும் 1.8, மேற்கு வங்கத்தில் 1.6. மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். பீகாரில் மட்டும்தான் இன்னும் 3.0, அதுவும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்று பிறக்கும் குழந்தை டெய்லராகும் வயதுக்கு வரும்போது ரயிலில் வந்து இறங்கும் கூட்டம் இப்படி இருக்காது. ஜப்பானுக்குப் பணக்கார நாடான பிறகுதான் இந்தச் சிக்கல் வந்தது. நமக்கு அதற்கு முன்பே வரப்போகிறது என்பதுதான் என் பெரிய பயம்.

அதனால் சங்கங்களிடம் கேட்கிறேன். திருப்பூர் ஏற்றுமதி 2022-23ல் 34,000 கோடி ரூபாயைத் தாண்டியது, அடுத்த ஆண்டு சற்றுக் குறைந்தது, 2024-25ல் 40,000 கோடியை நெருங்கியது என்று பெருமையாக அறிவிக்கிறோம். அந்த உயர்வில் டாலர் விலை எவ்வளவு, கூடுதல் ஆளும் கூடுதல் ஷிப்டும் எவ்வளவு, ஒரு ஆளின் ஒரு மணி நேரம் கூடுதலாக விளைவித்தது எவ்வளவு? எந்த மேடையிலும் இதைப் பிரித்துச் சொல்லி நான் கேட்டதில்லை. கோடிக் கணக்குக்குப் பக்கத்தில் இந்த மணிக் கணக்கையும் வையுங்கள். உறுப்பினர்களிடம் பெயர் வெளியிடாமல் வாங்குங்கள்: எத்தனை ஆள், எத்தனை மணி, எத்தனை நிமிடத் தையல் வெளியே போனது. வருடம் ஒரு தடவை சராசரியை அறிவித்தால் போதும். தன் கம்பெனி எங்கே நிற்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிடும். கோவைப் பம்ப் சங்கமும் கரூர் வீட்டு ஜவுளிச் சங்கமும் தங்கள் அளவுகோலில் இதையே செய்யலாம். இந்தக் கணக்கை அலச சிட்ராவும் நம்மூர்க் கல்லூரிகளின் மாணவர்களும் இருக்கிறார்கள். பிராஜெக்ட்டுக்கு இடம் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாமல், ஆறு மாதம் லைனில் உட்கார வையுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமாக எனக்குப் படுவது. டெய்லர் சொன்ன யோசனையால் ஒரு வேலை சீக்கிரம் முடிகிறது என்று தெரிந்ததும் அந்த வேலைக்கான பீஸ் ரேட்டை, அதாவது ஒரு துண்டுக்கான கூலியை, குறைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஒரு தடவை அப்படிக் குறைத்தால் போதும், அந்த ஷெட்டில் அடுத்த யோசனை யார் வாயிலிருந்தும் வராது. இதை எந்தச் சாப்ட்வேரும் மாற்றாது, உங்களால்தான் மாற்ற முடியும். தொழிற்சங்கங்களோடு அடுத்த சம்பள ஒப்பந்தம் பேசும்போது ஒரு ஷரத்தை நீங்களே முன்வந்து வையுங்கள்: தொழிலாளி சொன்ன முறையால் நேரம் மிச்சமானால் அந்த வேலையின் பீஸ் ரேட் இரண்டு வருடத்துக்குத் தொடப்படாது, மிச்சமான நேரத்தின் பலனில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த ஷரத்து எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கவும், உங்கள் கூட்டத்தில் வந்து எங்கள் லைனின் கணக்கை விளக்கவும் நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உற்பத்தித் திட்டப் பிரிவு ஊழியர்,
அவிநாசி, திருப்பூர் மாவட்டம்.